மிஷின் பழசு இல்ல, பக்கம்தான் கொழுத்துப்போச்சு

சம்பாவுக்கு ரெண்டாவது மேலுரம் போட்டாச்சு. வாய்க்கால்ல தண்ணி வருது, மழையும் ரெண்டு நாளா விட்டிருக்கு. வழக்கமா இந்த நேரத்துல இலைச்சுருட்டுப் புழு, ஆனைக்கொம்பன் என்று எதையாவது எழுதுவேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பத்தி எழுதப் போறேன். வயக்காட்டுக்காரனுக்கு இது எதுக்குன்னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டு போக முன்பதிவு, எல்லாமே இப்ப ப்ரவுசர் வழியாத்தான் நடக்குது. அது திக்கித் திக்கி நின்னா நம்ம வேலையும் அங்கேயே நிக்குது.

"மிஷின் பழசு சார். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

டவுன்ல எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் இந்த ஒரு வாக்கியம்தான். என்ன பண்ணுது, எப்பலேர்ந்து பண்ணுது என்று ஒரு கேள்வி கிடையாது. எந்த வருஷத்து மாடல்னு பார்ப்பாங்க, உதட்டைப் பிதுக்குவாங்க, முடிஞ்சுது. மாட்டு வைத்தியர் யாராவது பல்லை மட்டும் பார்த்துட்டு "வித்துடுங்க"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சாணியைப் பார்ப்பார், நேத்து என்ன தின்னுச்சுன்னு கேட்பார், காதைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கான்னு பார்ப்பார். கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதைகூட இல்ல.

அந்த வாக்கியம் முக்காப் பொய் என்பது என் கட்சி. மீதி கால் உண்மையையும் கீழே சொல்றேன்.

எங்க வீட்டில் இருக்கிறது என் மக பன்னெண்டாவது படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 2011ல் அந்தத் திட்டம் ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் சில வருஷம் எங்க பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ரெண்டு மூணு வீட்டுல அந்த லேப்டாப் இருக்கும். எங்களுக்கு வந்தது 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வந்த புதுசுல அதுல பேப்பர் படிச்சோம், பாட்டு கேட்டோம், மக காலேஜுக்கு விண்ணப்பம் போட்டா. எங்கேயும் திக்கல. அந்த ப்ராசசர் அன்னைக்கு ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டுச்சோ, இன்னைக்கும் அத்தனை போடும். சில்லுக்கு மூட்டுவலி வர்றதில்ல. மாடு அதே மாடுதான், வண்டியில ஏத்துற பாரம் ஏறிப்போச்சு.

எவ்வளவு ஏறிச்சுன்னா, எச்டிடிபி ஆர்க்கைவ் என்று ஒரு அமைப்பு இணையப் பக்கங்களோட எடையைத் தொடர்ந்து அளந்துகிட்டு வருது. 2010 கடைசியில் அவங்க அளக்க ஆரம்பிச்சப்ப நடுத்தரமான ஒரு பக்கம் அரை எம்பிக்கும் கீழே. இப்ப 2 எம்பியைத் தாண்டிடுச்சு. எடை மட்டும் ஏறியிருந்தா பரவாயில்ல. 100 கேபி படத்தையும் 100 கேபி ஜாவாஸ்கிரிப்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது. படத்தை விரிச்சுக் காட்டிட்டா வேலை முடிஞ்சுது. ஸ்கிரிப்டை ப்ரவுசர் படிச்சுப் புரிஞ்சுக்கணும், மிஷின் பாஷைக்கு மாத்தணும், ஓட்டணும், அது சொல்ற வேலையை எல்லாம் செய்யணும். ஒரு மூட்டை பஞ்சுக்கும் ஒரு மூட்டை பச்சைநெல்லுக்கும் உள்ள வித்தியாசம் சுமக்குறவனுக்குத் தெரியும்.

இதை நான் புதுசா கண்டுபிடிக்கல. பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கின சுவிட்சர்லாந்துக்காரர் நிக்லாஸ் விர்த், 1995லேயே ஒரு கட்டுரையில் முறையிட்டார்: கம்ப்யூட்டர் வேகமாகுற வேகத்தை விட, அதுல ஓடுற மென்பொருள் மந்தமாகுற வேகம் அதிகம் என்று. முப்பது வருஷம் ஆச்சு. அவரும் 2024ல் காலமாயிட்டார். யாரும் காதுல போட்டுக்கல.

சரி, உங்க ப்ரவுசர் திக்குது. என்ன பண்றது?

கடைமடைக்காரனுக்கு இதுல ஒரு அனுபவம் உண்டு. நம்ம வயலுக்குத் தண்ணி வரலைன்னா உடனே "ஆத்துலயே தண்ணி இல்ல"ன்னு உக்காந்துட மாட்டோம். மம்புட்டியைத் தோள்ல போட்டுகிட்டு வாய்க்காலோட மேல நடப்போம். மடை அடைச்சிருக்கா, ஆகாயத்தாமரை மண்டியிருக்கா, மேல்வயக்காரர் குறுக்கே மண்ணைப் போட்டு வெச்சிருக்காரா, ஷட்டரே ஏத்தலையா என்று ஒவ்வொண்ணா பார்த்துகிட்டே போவோம். ப்ரவுசருக்கும் அதே நடைதான்.

முதல்ல பிரிக்க வேண்டியது: நெட் மந்தமா, மிஷின் திணறுதா. இதைப் பிரிக்காம சனங்க அழிக்கிற காசு கொஞ்சநஞ்சம் இல்ல. பக்கமே வராம வெள்ளையா நின்னு, வட்டம் மட்டும் சுத்திகிட்டு இருந்தா அது பெரும்பாலும் நெட். ஆனா பக்கம் முழுசா வந்த பிறகு, கீழே தள்ளும்போது வெட்டி வெட்டிப் போகுது, தட்டின எழுத்து ஒரு மூச்சு கழிச்சு விழுது, மவுஸ் ஒரு இடத்துல ஒட்டிக்குதுன்னா அதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. வந்து சேர்ந்த பக்கத்தை வெச்சுகிட்டு உங்க மிஷின் தவிக்குது. என் மச்சான் ஒருத்தர் இந்த வெட்டுக்கு வைத்தியமா கேபிள்காரரிடம் பெரிய ப்ளானுக்கு மாறினார். மாசாமாசம் கூடுதல் பணம் போகுது, வெட்டு அப்படியேதான் இருக்கு. விக்கிறவங்களும் "வேகமா ஓடும் சார்"னு சொல்லித்தான் வித்தாங்க.

ஏன் வெட்டுதுன்னு புரிஞ்சுக்க ஒரு சின்ன கணக்கு. திரை சாதாரணமா நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுது. அப்படின்னா ஒவ்வொரு படத்தையும் தயார் பண்ண ப்ரவுசருக்குக் கிடைக்கிற அவகாசம் சுமார் 16 மில்லிசெகண்டு. அந்தப் பக்கத்தோட ஸ்கிரிப்டை ஓட்டுறதும், எது எங்கே நிக்கணும்னு கணக்குப் போடுறதும், உங்க கிளிக்கைக் கவனிக்கிறதும் பெரும்பாலும் ஒரே ஆள். ஒத்த ஆள் நாத்தும் பறிச்சு, கட்டும் கட்டி, நடவும் நடுற மாதிரி. நடுவுல ஏதோ ஒரு விளம்பர ஸ்கிரிப்ட் அந்த ஆளை 200 மில்லிசெகண்டு பிடிச்சு வெச்சுகிட்டா, வர வேண்டிய 12 படம் வராது. அதுதான் நீங்க பார்க்கிற வெட்டு. இதுல உங்க மிஷின் பண்ணின தப்பு என்ன?

அடுத்து, யாரு அந்த ஆளைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு பார்க்கணும். இதுக்குக் கடைக்குப் போக வேண்டியதே இல்ல. குரோம், எட்ஜ் ரெண்டுலேயும் ஷிப்ட் பட்டனை அழுத்திகிட்டு எஸ்கேப்பைத் தட்டினா ஒரு பட்டியல் வரும். பயர்பாக்ஸ்ல மெனுவுக்குள்ள டாஸ்க் மேனேஜர்னே இருக்கு. ஒவ்வொரு டேபும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் எவ்வளவு மெமரி தின்னுது, ப்ராசசரை எவ்வளவு இழுக்குதுன்னு நம்பரோட காட்டும். பல வருஷமா இருக்கிற வசதி. காசு கிடையாது. ஆனா எத்தனை கடைக்காரர் இதைத் திறந்து உங்களுக்குக் காட்டியிருக்காங்க? எனக்கு ஒருத்தரும் காட்டினதில்ல. காட்டினா புது மிஷின் விக்காதே!

போன வருஷம் நவம்பர் 14 நடந்ததைச் சொல்றேன். எங்க பக்கம் சம்பா நெல் காப்பீட்டுக்கு வழக்கமா நவம்பர் 15 கடைசி நாள். எங்க தெருவுல ஒரு சின்னம்மா, குத்தகைக்கு ஆறு மா சாகுபடி பண்றவங்க. அடங்கல், ஆதார், பேங்க் புத்தகம் எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுகிட்டு ரெண்டு நாளா சேவை மையத்துக்கு நடந்திருக்காங்க. ரெண்டு நாளும் ஒரே பதில்: "சர்வர் ஸ்லோ, நாளைக்கு வாங்கம்மா." சாயங்காலம் எங்க வாசல்ல வந்து நின்னாங்க. "நாளைக்கும் சர்வர் வராட்டி என்ன தம்பி பண்றது? போன தடவை முங்கினப்பவே ஒத்த ரூபா வரல."

அவங்களைக் கூட்டிகிட்டு மையத்துக்குப் போனேன். அதே பக்கத்தை என் போன்ல திறந்தேன், திறந்துடுச்சு. சர்வர் உயிரோடதான் இருக்கு. "தம்பி, ஒரு நிமிஷம் தள்ளிக்கோ"ன்னு சொல்லி ஷிப்ட், எஸ்கேப். பட்டியல் வந்துச்சு. முப்பத்துச் சொச்சம் டேப். ஒண்ணுல டிவி சீரியல் ஓடிகிட்டு இருக்கு. அதுக்கும் மேல, பிடிஎஃப் மாத்தித் தர்றதா சொல்ற ஒரு எக்ஸ்டென்ஷனும், கடைகள்ல தள்ளுபடி கண்டுபிடிச்சுத் தர்றதா சொல்ற இன்னொண்ணும் சேர்ந்து ப்ராசசரை முக்கால்வாசி விழுங்கிகிட்டு இருக்கு. ஒண்ணும் அந்தப் பையன் தெரிஞ்சு போட்டது இல்ல. ஏதோ ஒரு இலவச மென்பொருளை இறக்கும்போது கூடவே ஒட்டிகிட்டு வந்தது, நெல்லோட வர்ற குதிரைவாலி மாதிரி. நாத்துல பார்த்தா பயிராட்டமே இருக்கும், பூட்டை வந்தாதான் தெரியும். ரெண்டையும் நீக்கி, டேப்பை மூடி, ப்ரவுசரை மூடித் திறந்தோம். இருபது நிமிஷத்துல சின்னம்மா கையில ரசீது.

அன்னைக்கு மட்டும் பதினோரு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தான் அந்தப் பையன். எல்லாருக்கும் போன் போட்டான். ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்து வெச்சிருந்தான். அவன்மேல எனக்குக் கோபம் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. "சர்வர் ஸ்லோ" என்ற ரெண்டு வார்த்தையை யார் கேள்வி கேக்காம ஏத்துகிட்டாங்களோ, அவங்க எல்லார்மேலயும்தான் கோபம். அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஆறு மா நெல்லு நின்னுச்சு.

எக்ஸ்டென்ஷன்தான் காரணமான்னு சோதிக்க இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. குரோம்ல இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து அதே பக்கத்தைப் பாருங்க. நீங்களா அனுமதி கொடுத்தாலொழிய அதுக்குள்ள எக்ஸ்டென்ஷன் ஓடாது. அங்கே வழுக்கிகிட்டுப் போனா குற்றவாளி மாட்டிகிட்டான். பயர்பாக்ஸ்ல உதவி மெனுவுல ட்ரபிள்ஷூட் மோட் இருக்கு, அதுவும் இந்தச் சோதனைக்கு ஆகும்.

இப்ப கடைக்காரங்க பண்ற "சர்வீஸ்" பத்தி. முதல் சர்வீஸ், கேஷ் அழிக்கிறது. கேஷ்னா என்ன? ஒரு தடவை வந்த படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் மறுபடி நெட்ல இழுக்காம இருக்க ப்ரவுசர் சேர்த்து வெக்கிற குதிர். குதிரைக் காலி பண்ணிட்டு வீடு சுத்தமாச்சுன்னு சொன்னா எப்படி? அடுத்த தடவை எல்லாத்தையும் மறுபடி இறக்கணும், இன்னும் மெதுவாத்தான் வரும். ஒரு பக்கம் கோணலா வருது, பழைய தகவலையே காட்டுதுன்னா கேஷை அழிக்கிறதுல அர்த்தம் இருக்கு. வெட்டுக்கு அது மருந்து இல்ல. ரெண்டாவது, "ராம் பூஸ்டர்" என்று ஒரு மென்பொருளைப் போட்டு விடுறது. ஏற்கெனவே மூச்சு முட்டுற மிஷின்ல இன்னொரு ஆளை உள்ளே ஏத்தி, அவன் மத்தவங்களைத் தள்ளிவிட்டு இடம் பண்ணித் தருவான்னு சொல்ற கதை. மூணாவது, ஃபார்மேட். இது கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், ஏன்னா ஒட்டிகிட்டு வந்த களையெல்லாம் அதோட போயிடும். ஆனா கல்யாண போட்டோவும் போயிடும். நாலு களைக்காக வயலையே உழுது போடுறது. அதுக்கு ஒரு பில்லு வேற.

கால் உண்மை இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அது இதுதான்: ராம் பத்தாம போறது நிஜம். இதுல ப்ரவுசர்காரங்களை முழுக்கத் திட்டவும் முடியாது. 2008ல் குரோம் வந்தப்பவே டேபுகளைத் தனித்தனி ப்ராசஸாப் பிரிச்சாங்க, ஒண்ணு செத்தா மத்தது சாகக் கூடாதுன்னு. அதுக்கு விலை மெமரி. 2018ல் ஸ்பெக்டர் என்று ப்ராசசர்லேயே ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. ஒரு தளம் இன்னொரு தளத்தோட ரகசியத்தை எட்டிப் பார்க்கலாம் என்கிற நிலைமை. உடனே ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியா அடைச்சாங்க, அதுல மெமரி இன்னும் பத்து சதவீதம் வாக்குல கூடிச்சு. நம்ம பேங்க் பாஸ்வேர்டுக்காகப் போட்ட வேலி அது. குறை சொல்ல மாட்டேன்.

ராம் நிறைஞ்சா என்ன ஆகும்? மீதியை ஹார்ட் டிஸ்க்ல தள்ளி வெச்சுக்கும், வேணும்போது எடுத்துகிட்டு வரும். சுத்துற தட்டு வெச்ச பழைய ஹார்ட் டிஸ்க்ல ஒரு தகவலைத் தேடி எடுக்க சுமார் 10 மில்லிசெகண்டு. எஸ்எஸ்டியில அது பத்துல ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. மேலே சொன்ன 16 மில்லிசெகண்டு அவகாசத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, ரெண்டு தடவை டிஸ்க்கைத் தொட்டாலே அவகாசம் போச்சு. விண்டோஸ்ல கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்திப் பாருங்க. டிஸ்க் என்ற இடத்துல 100 சதவீதம்னு சிவந்து கிடந்தா உங்க நோய் இதுதான். விண்டோஸ் அப்டேட் பின்னாடி ஓடுதா, ஆன்டிவைரஸ் அலசிகிட்டு இருக்கான்னும் அங்கேயே தெரியும். அப்படின்னா அரை மணி நேரம் அதை அதும்பாட்டுக்கு விட்டுடுங்க, முடிச்சுட்டுத் தானா அடங்கும்.

எங்க லேப்டாப்புக்கு 2023ல் நான் பண்ணின செலவு: ராமை 4 ஜிபியா ஏத்தினது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டது. ரெண்டும் சேர்த்து ரெண்டு மூட்டை டிஏபி விலை. கடைக்காரர் சொன்ன புது லேப்டாப், ஒரு கறவை மாட்டு விலை.

வீடியோ மட்டும் வெட்டுதுன்னா அது தனி வியாதி. யூடியூப் இப்ப விபி9, ஏவி1 என்ற முறைகள்ல வீடியோவைச் சுருக்கி அனுப்புது. பழைய மிஷின்ல இருக்கிற கிராஃபிக்ஸ் சில்லுக்கு அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கத் தெரியாது, அதனால மொத்த வேலையும் ப்ராசசர் தலையில விழுது. பழைய எச்.264 முறையிலேயே அனுப்புன்னு கேக்குற சின்ன எக்ஸ்டென்ஷன் உண்டு. இல்லைன்னா 480க்கு இறக்கிடுங்க. களை எடுக்கிற கருவி எப்படி ஓடுதுன்னு பார்க்க அதுக்கு மேல தெளிவு எதுக்கு? ப்ரவுசர் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதியில ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் அல்லது கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்னு ஒரு பொத்தான் இருக்கும். அது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணி, ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணி, ப்ரவுசரை மூடித் திறந்து பாருங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் பழசா இருக்கிற மிஷின்ல ஆஃப்ல நல்லா ஓடுறதும் உண்டு, வேற மிஷின்ல நேர் மாறாவும் உண்டு. அதனாலதான் ரெண்டையும் பார்க்கச் சொல்றேன்.

அப்புறம் தூசி. களத்துமேட்டுப் பக்கத்து வீடுகள்ல இது பெரிய விஷயம். அறுப்பு மிஷின் ஓடின வாரம் லேப்டாப்போட காத்து ஓட்டையில பதரும் தூசியும் அப்பிடும். சூடு ஏறினா ப்ராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மெத்தைமேல வெச்சுப் பார்த்தாலும் அதே கதி. காத்தாடியைத் துடைச்சு, பலகைமேல வெச்சதும் "புது மிஷின் மாதிரி ஆயிடுச்சு"ன்னு சொன்ன வீடு எங்க தெருவுலேயே ரெண்டு இருக்கு.

இதெல்லாம் நம்ம பக்கத்து வேலை. எதிர்ப் பக்கத்தை விட்டுட்டா நியாயம் இல்ல.

ஒரு பட்டா விவரம்னா என்னங்க? ஊரு, புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, உரிமையாளர் பேரு. அரைத் தாள். யுனிகோடுல ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமா 3 பைட். ஆயிரம் குறி போட்டாலும் 3 கேபி. மேலே சொன்ன 2 எம்பியோட ஒப்பிட்டா அறுநூறு மடங்குக்கு மேல வித்தியாசம். நமக்குத் தேவையானது ஒரு படி நெல்லு, அதைக் கொண்டுவர லாரி மேல லாரி. அந்த லாரியில என்ன இருக்கு? தானா மாறுற பெரிய பெரிய படங்கள். ஓடுற எழுத்து. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணுற பொம்மை. யாரு, எங்கேர்ந்து, எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு குறிச்சுக்கிற ஸ்கிரிப்ட். இதுல எது விவசாயி கேட்டது?

இந்தப் பக்கங்களைச் செய்றவங்க எதுல சோதிக்கிறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். 16 ஜிபி ராம், ஃபைபர் நெட், ஏசி ரூம். அதுல எதுதான் வழுக்காது? விதை நெல்லை ஆராய்ச்சிப் பண்ணையில மட்டும் போட்டுப் பார்த்துட்டு அப்படியே சந்தைக்கு அனுப்ப மாட்டாங்க. ஊர் ஊரா விவசாயி வயல்ல, உப்புத் தண்ணியில, களிமண்ல போட்டுப் பார்த்துத்தான் ரகம்னு அறிவிப்பாங்க. அரசுப் பக்கமா இருக்கட்டும், பேங்க் பக்கமா இருக்கட்டும், அதையும் ஒரு தடவை எங்க ஊர் சேவை மையத்து மிஷின்ல, கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஓட்டிப் பாருங்கய்யா. நீங்க குடுக்கிற கடைசித் தேதிக்குள்ள எங்களால முடிக்க முடியலைன்னா, அந்த நஷ்டம் உங்க சம்பளத்துல பிடிக்கப்படுறதில்ல.

செய்தித் தளங்களுக்கு வருவோம். விளம்பரம் போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அவங்களும் பிழைக்கணும். பேப்பர்ல முழுப் பக்கம் நகைக்கடை விளம்பரம் வருது, நான் எதிர்த்ததே இல்ல. ஆனா பேப்பர் விளம்பரம் என் வீட்டுக்குள்ள வந்து என் மாட்டை அவுத்து அதோட வேலைக்கு ஓட்டிகிட்டுப் போறதில்ல. இணைய விளம்பரம் அதைத்தான் பண்ணுது. என் மின்சாரம், என் டேட்டா, என் ப்ராசசர். மழை எச்சரிக்கை ஒரு வரி படிக்கப் போனா, மூணு வீடியோ ஒரே நேரத்துல ஓடுது, படிச்சுகிட்டு இருந்த வரி துள்ளிக் கீழே போயிடுது. அதனால நான் விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கேன், போடச் சொல்லியும் சொல்றேன். யூபிளாக் ஆரிஜின் என்று பேரு, இலவசம். போட்ட அன்னைக்கே வித்தியாசம் தெரியும்.

இதுலயும் ஒரு சூட்சுமம். எக்ஸ்டென்ஷனுக்கான விதிமுறையை மாத்தி, 2024லேர்ந்து படிப்படியா குரோம் அந்த யூபிளாக் ஆரிஜினை முடக்கிடுச்சு. பாதுகாப்புக்காகன்னு காரணம் சொல்றாங்க. குரோமை வெச்சிருக்கிற கம்பெனியோட வருமானத்துல பெரும்பங்கு எதுலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தக் காரணத்தை எவ்வளவு நம்பணும்னும் தெரியும். குரோம்ல இப்ப அதோட லைட் வடிவம்தான் கிடைக்கும், அதுவும் ஒண்ணும் இல்லாததுக்குத் தேவலாம். பயர்பாக்ஸ்ல முழுசே வேலை செய்யுது. நான் பயர்பாக்ஸ்தான். குரோமை விட மனசில்லாதவங்க செட்டிங்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் பகுதியில மெமரி சேவரையாவது ஆன் பண்ணி வையுங்க. பார்க்காத டேப்பைத் தூங்க வெச்சு மெமரியை மீட்டுக் கொடுக்கும். நல்லதைச் செஞ்சா நல்லதுன்னும் சொல்லணும்.

கடைசியா, பழசுன்னு தள்ளுறதுலேயே பெரிய தள்ளு. 2023 ஆரம்பத்தோட விண்டோஸ் 7க்கு குரோம் கதவைச் சாத்திடுச்சு, 109தான் கடைசி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கும் இலவச ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0 என்ற சில்லு வேணும், ப்ராசசரும் ஓரளவு புதுசா இருக்கணும். நல்லா ஓடிகிட்டு இருக்கிற எத்தனையோ மிஷின் இந்த ஒரு நிபந்தனையில குப்பையாகுது. ஆதரவு இல்லாத மிஷின்ல பேங்க் வேலை பார்க்காதீங்க, அது உண்மையிலேயே ஆபத்து. ஆனா அதுக்கு மருந்து புது லேப்டாப் மட்டும்தானா? லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு இலகுவான வகை இருக்கு. எங்க லேப்டாப்ல இப்ப அதுதான் ஓடுது. பயர்பாக்ஸ் இருக்கு, தமிழ்99 விசைப்பலகை இருக்கு, நீங்க படிக்கிற இதையும் அதுலதான் தட்டிகிட்டு இருக்கேன். பத்து டேப் ஒரே நேரத்துல திறக்க முடியாது. எனக்கு நாலு போதும்.

சேவை மையத்துல வேலை பார்க்கிற தம்பி, தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். இந்த வருஷமும் கூட்டம் வரும். காலையில கடை திறந்ததும் ஒரு தடவை ஷிப்ட், எஸ்கேப் அழுத்திப் பாருங்க. "சர்வர் ஸ்லோ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க போன்ல ஒரு தடவை திறந்து பாருங்க. ரெண்டுக்கும் சேர்த்து ரெண்டு நிமிஷம் ஆகும்.

எங்க பக்கத்து ஊர்க்காரங்க லேப்டாப்பைக் கடையில எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை கொண்டு வாங்க. தை அறுப்பு முடியட்டும், அதுக்கப்புறம் சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன். சார்ஜரை மறந்துடாதீங்க.